லட்லோ நகரத்து மூலைக் கடை

இங்கிலாந்து தேசத்தின் மேற்கெல்லையில், வேல்ஸ் நாட்டை அடுத்து, ஷ்ராப்ஷயர் என்னும் மாவட்டம் இருக்கிறது. அதன் தென்பகுதியில், டீம் ஆற்றங்கரையில், ஒரு மேட்டின்மீது அமைந்தது லட்லோ என்னும் சந்தை நகரம். மக்கள்தொகை பதினாயிரத்தைச் சற்றே கடந்ததாகும். ஆயினும் அச்சிறுநகரில், சட்டத்தின் காப்பைப் பெற்ற பழங்கட்டடங்கள் ஏறத்தாழ ஐந்நூறு உள்ளன. பதினொன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கப்பெற்ற கோட்டையும், வானளாவிய கோபுரத்தையுடைய புனித லாரன்ஸ் மாதாகோயிலும் அவற்றுள் தலையாயவை. அங்கே செல்லும் யாத்திரிகர்கள் இவ்விரண்டையும் கண்டு வியப்பர். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கோட்டையும் அன்று, கோயிலும் அன்று. பிராட் ஸ்ட்ரீட், கிங் ஸ்ட்ரீட் என்னும் இரண்டு தெருக்கள் கூடும் மூலையில் நிற்கும் ஒரு கடையே அது.

போடன்ஹாம் கடை என்று ஊரார் அதனை வழங்குவர். 1860ஆம் ஆண்டிலே தொடங்கிய துணி வணிகத்தின் பெயர் அது. கட்டடமோ அப்பெயரினும் மிகப் பழையது. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஓக் மரத்தால் சட்டம் பூட்டி எழுப்பப்பட்ட மாடிக் கட்டடம் அது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் கடையாகக் கட்டப்பட்டது, இருபத்தோராம் நூற்றாண்டிலும் கடையாகவே விளங்கியது. பழங்கட்டடங்களைக் காக்கும் சட்டம் இங்கிலாந்தில் இன்றைய வடிவில் உருப்பெற்றது 1947இல்தான். அங்ஙனமாயின், அதற்கு முந்திய ஐந்நூற்று நாற்பது ஆண்டுகள் அம்மரக் கட்டடத்தைக் காத்தது எது? சட்டம் வந்தபின் அதனைக் காப்பது எது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வோம்.

முதலில் ஊரின் அமைப்பை அறிதல் வேண்டும். கோட்டை வாயிலிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்ற அகன்றதொரு சந்தைத் தெருவே லட்லோவின் உயிர்நாடி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வகுக்கப்பெற்ற அவ்வூரில், குடிமக்களுக்கு முப்பத்து மூன்றடி அகலமுள்ள மனைகள் அளந்து விடப்பட்டன. தெருவை நோக்கிய முகப்புக் குறுகியதாகவும், பின்புறம் நீண்டதாகவும் இருந்த மனைகள் அவை. சந்தைக்கு வந்தவர்கள் தெரு நடுவே பந்தலிட்டுக் கடை வைத்தனர். நாளடைவில் பந்தல் கொட்டகையாயிற்று; கொட்டகை மரச்சுவர் பெற்றது; மரச்சுவரின்மீது மாடி எழுந்தது. அகன்ற தெருவின் நடுவிலே கடைகளே தனித் தெருக்களாக நின்றுவிட்டன. கிங் ஸ்ட்ரீட்டும் அதனையடுத்த சந்துகளும் இன்று இருவர் கைநீட்டித் தொடலாம் போலக் குறுகிக் காணப்படுவதன் காரணம் இதுவே. ஆக்கிரமிப்பு என்று நகரசபைகள் கண்டிக்கும் செயல், சில நூற்றாண்டு கடந்தபின் சரித்திரச் சின்னமாகிவிடுவது வேடிக்கையேயன்றோ!

இத்தகைய விலையுயர்ந்த மூலையிற் கடை கட்டியவர் யார்? தனி வணிகர் அல்லர். பாமர் சங்கம் என்னும் ஓர் அறச்சபையார். எருசலேமுக்கு யாத்திரை சென்று, அதன் அடையாளமாக ஈந்தினவோலை ஏந்தித் திரும்புவோரைப் பாமர் என்பது அக்கால வழக்கு. அப்பெயரைக் கொண்ட இச்சங்கம் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோன்றியது. இங்கிலாந்தின் பல பகுதிகளிலும் அதற்கு உறுப்பினர் இருந்தனர். இறந்த உறுப்பினரின் ஆன்ம சாந்திக்காகப் பூசை நடத்தும் குருமார்களைப் பேணுவதும், நலிந்தோரைத் தாங்குவதும், பள்ளியை நடத்துவதும் அதன் பணிகள். இவற்றுக்குப் பொருள் வேண்டுமே! உறுப்பினர் எழுதிவைத்த வீடுகளையும் கடைகளையும் வாடகைக்கு விட்டுப் பெற்ற வருவாயே அப்பொருள். ஆகவே, லட்லோவின் கடைத்தெருவிற் பெரும்பகுதி ஒரு கட்டளைச் சொத்தாக இருந்தது என்றே சொல்லலாம். குடியிருப்போன் மாறினும் உடைமையாளர் மாறாத நிலை அது. வாடகை தவறாது வரவேண்டுமாயின் கூரை ஒழுகாதிருத்தல் வேண்டும் என்பதைச் சங்கத்தார் நன்கு அறிந்திருந்தனர்.

கட்டடத்தின் நுட்பத்தையும் சிறிது நோக்குவோம். அக்காலத் தச்சர்கள் ஓக் மரத்தை வெட்டியவுடன், அது காய்ந்து இறுகுமுன்னரே, பச்சை மரமாக இழைத்து, துளையும் முளையுமாகப் பொருத்தி, மர ஆணி அறைந்தனர். காயக் காய மரம் சுருங்கிப் பொருத்துகள் இறுகும். முழுச் சட்டத்தையும் தச்சுக்களத்திலே கிடத்திக் கூட்டிப் பார்த்து, எந்த மரம் எங்கே சேரும் என்பதற்கு உளியால் எண் குறித்து, பின்னர்ப் பிரித்து வண்டியில் ஏற்றிச் சென்று மனையில் நிறுத்துவர். மரங்களுக்கிடைப்பட்ட வெளியை மிலாறு பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்துப் பூசி, மேலே சுண்ணாம்பு தடவுவர்.

மேல்மாடி கீழ்த்தளத்தைவிடத் தெருப்பக்கம் நீண்டு நிற்பது இத்தகைய கட்டடங்களின் சிறப்பு. இதனால் மாடியில் இடம் மிகும். கீழ்ச்சுவர் மழையில் நனையாது. உடைமையாளரின் செல்வமும் ஊரறியத் தோன்றும். தெருவை ஒருபுறம் மட்டும் நோக்கிய வீட்டில் இது எளிது. உத்தரங்களின் முனைகளை வெளியே நீட்டினாற் போதும். மூலைக் கடைக்கோ இரண்டு முகம். ஒருபுறம் நீண்ட உத்தரங்கள் மறுபுறம் எவ்வாறு நீள முடியும்? இதற்குத் தச்சர் கண்ட வழி, மூலையை நோக்கிக் குறுக்காக ஒரு பெரிய உத்தரத்தை இட்டு, அதன் இருமருங்கிலும் சிறு உத்தரங்களை வெவ்வேறு திசையிற் பூட்டுவது. அக்குறுக்கு மரத்தை டிராகன் உத்தரம் என்று ஆங்கிலத் தச்சர் அழைப்பர். அதனைத் தாங்கி நிற்கும் மூலைத் தூணே அத்தகைய கட்டடத்தின் முதுகெலும்பு.

அக்காலக் கடையில் இன்று நாம் காணும் கண்ணாடி முகப்பு இல்லை. சுவரில் அகன்ற திறப்பு ஒன்றிருக்கும். அதற்கு மரப் பலகைக் கதவுகள். காலையில் கீழ்ப்பலகையை வெளிப்புறம் தாழ்த்தினால் அதுவே பண்டம் பரப்பும் மேடை. மேற்பலகையை உயர்த்தினால் அதுவே நிழல். வாங்குவோர் பெரும்பாலும் தெருவில் நின்றே வாங்கினர். உள்ளே தொழிலாளி செருப்புத் தைப்பான், துணி வெட்டுவான். மேலே குடும்பம் வாழும். சிறு சதுரக் கண்ணாடிகள் கோத்த முகப்புகள் பதினெட்டாம் நூற்றாண்டில் பரவின. கண்ணாடிமீதிருந்த தீர்வை 1845இல் நீக்கப்பட்ட பின்னரே பெருங்கண்ணாடிகள் மலிவாயின. எனவே, மேலே இடைக்கால மாடியும் கீழே பிற்காலக் கண்ணாடி முகப்புமாக ஒரே கட்டடம் நிற்பதைக் காணும்போது, அதனைப் பொருந்தாக் கலப்பு என்று எண்ணலாகாது. ஒவ்வொரு தலைமுறையும் தன் பிழைப்புக்கு வேண்டியதைச் செய்துகொண்டு, எஞ்சியதை அடுத்த தலைமுறைக்கு விட்டுச்சென்றதன் வரலாறு அது.

பாமர் சங்கம் 1551இல் கலைக்கப்பட்டது. சமயச் சங்கங்களின் சொத்துக்கள் அரசின் கைக்குச் சென்றுகொண்டிருந்த காலம் அது. ஆனால் ஆறாம் எட்வர்ட் மன்னர் 1552இல் அளித்த சாசனத்தால், சங்கத்தின் வீடுகளும் கடைகளும் பள்ளியையும் ஏழை விடுதியையும் பேண வேண்டும் என்னும் கடமையோடு நகரசபையைச் சேர்ந்தன. உடைமையாளரின் பெயர் மாறிற்று. வாடகை வாங்கிப் பழுதுபார்க்கும் வழக்கம் மாறவில்லை. பின்னர் கம்பளி வாணிகம் தளர்ந்தது. வேல்ஸ் எல்லைப் பகுதிகளை ஆண்ட ஆட்சிமன்றம் லட்லோவில் இருந்து ஊருக்குப் பெருமை தந்தது. 1689இல் அதுவும் ஒழிந்தது. கையுறைத் தொழில் சிறிது காலம் ஊரைத் தாங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதுவும் மெலிந்தது. இத்தனை மாற்றத்திலும் மூலைக் கடையின் கதவு திறந்தே இருந்தது. முதல் வினாவுக்கு விடை இதுவே. பயன்பட்டது, ஆகவே பழுதுபார்க்கப்பட்டது, ஆகவே நின்றது.

இனிச் சட்டத்தின் கதைக்கு வருவோம். கலைஞர் வில்லியம் மாரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். 1882இல் பிரிட்டனின் முதற் பண்டைச் சின்னச் சட்டம் வந்தது. கல் வட்டங்கள், புதைமேடுகள் போன்ற மிகப் பழைய சின்னங்களையே அது கருதிற்று. இந்தியாவில் கர்சன் பிரபு 1904இல் பண்டைச் சின்னப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றினார் என்பதை நாம் அறிவோம். அவரே தாயகம் திரும்பியபின், 1911இல், லிங்கன்ஷயர் மாவட்டத்து டாட்டர்ஷால் கோட்டையை விலைக்கு வாங்கி அழிவினின்று காத்தார். விற்கப்பட்டுக் கடல்கடக்கவிருந்த அதன் கற்கணப்பு முகப்புகளையும் மீட்டுப் பழைய இடத்தில் நிறுத்தினார். அந்நிகழ்ச்சி எழுப்பிய கிளர்ச்சி 1913ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் துணை செய்தது. ஆயினும் அச்சட்டமும், மக்கள் குடியிருக்கும் வீடுகளையும் வழிபாடு நடக்கும் கோயில்களையும் தன் வரம்புக்கு வெளியே நிறுத்தியது. உயிரோடிருக்கும் கட்டடத்துக்குக் காவல் எதற்கு என்பதே அன்றைய எண்ணம்.

அந்த எண்ணத்தை மாற்றியது இரண்டாவது உலக யுத்தம். வானூர்திகள் குண்டு வீசி நகரங்களைத் தகர்த்தபோது, இடிந்த கட்டடங்களுள் எவற்றைத் தாங்கிக் காப்பது, எவற்றை அகற்றிவிடுவது என்று உடனுக்குடன் முடிவு செய்ய வேண்டியதாயிற்று. அதற்காகக் கட்டடக் கலைஞர்கள் ஊர்தோறும் பட்டியல் வகுத்தனர். அவ்வனுபவத்திலிருந்து பிறந்தவையே 1944, 1947 ஆகிய ஆண்டுகளின் நகர, நாட்டுத் திட்டச் சட்டங்கள். சிறந்த கட்டடங்களின் பட்டியலைத் தயாரிப்பது அரசின் கடமை என்று 1947ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆங்கிலத்திற் ‘பட்டியலில் ஏறிய கட்டடம்’ என்னும் வழக்கு இவ்வாறு எழுந்ததே. மொழிபெயர்ப்போராகிய நமக்கு அச்சொற்றொடர் முதலிற் சற்று வறண்டதாகத் தோன்றும். ‘புகழ்பெற்ற கட்டடம்’ என்றோ ‘காக்கப்பட்ட கட்டடம்’ என்றோ பெயர்க்கக் கை விழையும். அவ்வாறு பெயர்த்தல் தவறாகும். பட்டியலில் ஏறுவது புகழும் அன்று, முழுக் காவலும் அன்று. ஒரு பதிவு மட்டுமே. அப்பதிவின் விளைவு யாது என்பதைச் சட்டம் வேறாகக் கூறுகிறது.

தொடக்கத்தில் அவ்விளைவு சிறிதே. இடிக்க விரும்பும் உடைமையாளர் இரண்டு மாதத்துக்கு முன் அறிவித்தாற் போதும். 1960களில் இங்கிலாந்தின் பல நகரங்களிற் பழந்தெருக்கள் அழிந்தன. ஷ்ராப்ஷயருக்கு அண்டையிலுள்ள வொர்செஸ்டர் நகரில், பேராலயத்தை ஒட்டியிருந்த மரச்சட்ட வீடுகளின் தெருவே இடிக்கப்பட்டு, அகன்ற சாலையும் புதுக்கடைத் தொகுதியும் எழுந்தன. அதனைக் கண்ட மக்களின் வருத்தமே புதிய சட்டங்களைத் தூண்டிற்று. 1967இல் தனிக் கட்டடத்தோடு நில்லாது தெருக்களையும் காக்கும் ஏற்பாடு வந்தது. லிங்கன்ஷயர் மாவட்டத்துச் சந்தை நகரமான ஸ்டாம்ஃபர்ட் அக்காப்பை முதன்முதலிற் பெற்றது. 1968இல், முன் அனுமதியின்றிப் பட்டியற் கட்டடத்தை இடிப்பதும் அதன் இயல்பு மாறத் திருத்துவதும் குற்றமாயின.

இன்று நடப்பிலுள்ளது 1990ஆம் ஆண்டுச் சட்டம். இங்கிலாந்தில் ஏறத்தாழ நான்கு லட்சம் பதிவுகள் பட்டியலில் உள்ளன. அவற்றுள் முதல் தரத்தைச் சேர்ந்தவை நூற்றுக்கு இரண்டரை. இரண்டாந்தரத்துள் உடுக்குறி பெற்ற சிறப்பு வகுப்பைச் சேர்ந்தவை நூற்றுக்கு ஆறு அளவில். எஞ்சியன பொது இரண்டாந்தரம். 1700க்கு முற்பட்டுப் பழைய நிலையில் ஓரளவேனும் எஞ்சியுள்ள கட்டடங்கள் பெரும்பாலும் இடம் பெற்றுவிடும். முகப்பு மட்டுமே காப்புக்கு உரியது என்று பலர் எண்ணுவர், அது பிழை. உள்ளே உள்ள படிக்கட்டும் கதவும் உத்தரமும் அடங்கும். அனுமதியின்றிக் கை வைப்பவர்க்கு வரம்பில்லா அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஆகவே கடைக்காரர் ஒரு பெயர்ப் பலகையை மாற்றவும் தயங்க வேண்டியவராகிறார். பழுதுபார்ப்பதிலும் கவனம் வேண்டும். மரச்சட்டச் சுவரில் விரிசல் கண்டவுடன் சிமெண்டு பூசுவது மலிவான வழி. ஆனால் சிமெண்டு ஈரத்தை உள்ளே சிறைவைக்கும், அடிமரம் உளுத்துப்போகும். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளிவிடும். மரம் அசைவதற்கேற்பத் தானும் இசையும். இதனை அறிந்த கொத்தரும் தச்சரும் அருகிவிட்டனர். கிடைப்பவர்க்குக் கூலி மிகுதி. புதிதாக வீடு கட்டுவோர்க்கு இல்லாத மதிப்புக் கூட்டு வரி, பழங்கட்டடத்தைப் பழுதுபார்ப்போர்மீது நூற்றுக்கு இருபதாக விழுகிறது. காக்கச் சொல்லும் அரசே காப்பதற்கு வரி வாங்குவது பற்றி அந்நாட்டிற் குறை கூறுவோர் பலர்.

இதனினும் ஆழ்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. சட்டம் கட்டடத்தைக் காக்கிறது, கடையைக் காக்கவில்லை. உத்தரத்தை அகற்றாதே என்று சொல்ல அதற்கு உரிமையுண்டு. உள்ளே துணி விற்க வேண்டும் என்று சொல்ல உரிமையில்லை. 2020 செப்டம்பரில் வந்த விதிமாற்றத்தால், கடை அலுவலகமாகவோ உணவகமாகவோ மாறுவதற்குத் தனித் திட்ட அனுமதியும் வேண்டியதில்லை. காலியான கடைகளுக்கு முதன் மூன்று மாதம் கழிந்தபின் முழு நகர வரி உண்டு. பட்டியற் கட்டடமாயின் காலியாக உள்ளவரை வரியே இல்லை என்று 2008ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. கருணையோடு செய்த சலுகைதான். ஆயினும் ஆள் தேட வேண்டிய அவசரத்தை உடைமையாளரிடத்திலிருந்து அது எடுத்துவிடுகிறது. ஆளில்லாத மரக் கட்டடத்தில் ஓடு ஒன்று நழுவினால் யார் காண்பார்? சொட்டும் நீர் உத்தர முனையைத் தின்னப் பல ஆண்டு வேண்டியதில்லை. பழுதடைந்த கட்டடத்தை நகராட்சி கட்டாயமாக வாங்கலாம் என்று சட்டம் இடந்தருகிறது. ஆனால் அதற்கும் பணம் வேண்டும், பிறகு பயன்படுத்த ஆளும் வேண்டும்.

இதனை அந்நாட்டவரும் உணர்ந்திருக்கின்றனர். பெருங்கடைகளும், வீட்டிலிருந்தபடியே பண்டம் தருவிக்கும் வழக்கமும் சிறுகடைகளை நலியச் செய்தபோது, 2020 முதல் 2024 வரை, அறுபதுக்கு மேற்பட்ட ஊர்களின் பழங்கடைத்தெருக்களுக்கு ஒன்பதரைக் கோடிப் பவுன் அளவிலான திட்டமொன்று நடைபெற்றது. கட்டடத்தைச் செப்பனிடுவதோடு அதற்கு வாழ்வு தருவதும் அதன் நோக்கம்.

லட்லோ நகரத்தார் அதற்கு முன்னரே தங்கள் வழியைக் கண்டனர். 1986இல் அவ்வூர்ச் சந்தை நடுவே நின்ற விக்டோரியா காலத்துச் செங்கல் மண்டபம் இடிக்கப்பட்டது. அதனை விரும்பியோரும் வெறுத்தோரும் உண்டு. ஆனால் வெற்றிடத்தில் மீண்டும் திறந்தவெளிச் சந்தை கூடிற்று. வாரத்திற் பல நாள் இன்றும் கூடுகிறது. 1995இல் அவ்வூரார் உணவுத் திருவிழா ஒன்றைத் தொடங்கினர். ஊரிலே வெட்டும் இறைச்சி, சுடும் ரொட்டி, சுற்றுப்புறப் பாலாடைக் கட்டி ஆகியவற்றை மக்கள் தேடி வந்து வாங்கும்படி செய்தனர். பழங்கடைகளைக் காண வந்தவர்கள் அங்கே பண்டமும் வாங்கினர். ஐந்நூறு பழங்கட்டடங்களுக்கும் இதனினும் நல்ல மருந்து வேறில்லை.

இரண்டாவது வினாவுக்கும் விடை இதிலே அடங்கியுள்ளது. பட்டியல் இல்லையாயின், ஒரு பேராசைக்காரரோ ஒரு சாலைத் திட்டமோ அறுநூறாண்டுக் கட்டடத்தை ஒரு வாரத்தில் மண்ணாக்கிவிடலாம். வொர்செஸ்டர் அதற்குச் சான்று. ஆதலாற் சட்டம் இன்றியமையாதது. எனினும் அது அழிப்பவன் கையைப் பிடிக்கவல்லதேயன்றிப் பேணுபவன் கையை உண்டாக்கவல்லதன்று. அக்கையை உண்டாக்குவது வாடகை, வாணிகம், வாடிக்கை ஆகியவையே. பாமர் சங்கத்தார் இதனை அறிந்தே, ஆன்மப் பூசைக்கும் பள்ளிக்கும் ஆதாரமாக ஒரு கடையை மூலையிலே கட்டினர். பூசை நின்றது, சங்கம் மறைந்தது, கடை நிலைத்தது. நம் நாட்டிலும் 1958ஆம் ஆண்டுச் சட்டம் பெருஞ்சின்னங்களைக் காத்துவருகிறது. ஆனால் நம் கடைத்தெருக்களில் மரத்தூணும் பலகைக் கதவுமாக நிற்கும் பழங்கடைகளிற் பெரும்பாலானவை அதன் எல்லைக்குள் வருவன அல்ல. அவற்றுள் எவை நிற்கத் தக்கவை என்று எண்ணுவோர், அவற்றில் என்ன விற்பனையாகும், யார் வாங்குவர் என்பதையும் கூடவே எண்ணுதல் நன்று.